கெட்டியான சௌடர்தான் நல்ல சௌடரா?

அன்புள்ள அக்கா,

நானும் மனைவியும் பாஸ்டனுக்குத் தெற்கே க்வின்சியில் இருக்கிறோம். கோடையில் வார இறுதி வந்தால் கடலோரமாகக் காரில் கிளம்பிவிடுவோம். போகிற ஊரிலெல்லாம் கிளாம் சௌடர், அதாவது கடல்மட்டி போட்ட சூப், சாப்பிடுவது பழக்கமாகிவிட்டது. எல்லாக் கடை வாசலிலும் ‘இந்த வட்டாரத்திலேயே சிறந்த சௌடர்’ என்று பலகை இருக்கிறது. கேப் காட் பக்கம் ஒரு கடையில் கரண்டியை நட்டால் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்தது. உடன் வந்த நண்பர்கள் அதுதான் அசல் என்றார்கள். ரோட் ஐலண்டில் ஒரு கடற்கரைக் கடையில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். காசு வீண் என்று தோன்றியது. நல்ல சௌடரை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொன்று, மனைவி பன்றி இறைச்சி சாப்பிடமாட்டாள். அது சேராத சௌடர் எங்கேயாவது கிடைக்குமா?

செ.

அன்புள்ள செ.,

அந்தச் சாம்பல் நிறத் தண்ணீரை இன்னொரு முறை குடித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன இரண்டில் மட்டியின் ருசிக்கு நெருக்கமாக இருந்தது அநேகமாக அதுதான்.

நியூ இங்கிலாந்துக் கரையில் சௌடருக்குப் போடும் மட்டிக்குக் கோஹாக் என்று பெயர். கெட்டி ஓடு கொண்டது. ஒரே மட்டியைத்தான் சிறியதாக இருக்கும்போது லிட்டில்நெக் என்றும், நடுத்தரமாக வளர்ந்ததும் செர்ரிஸ்டோன் என்றும் விற்கிறார்கள். உள்ளங்கையை நிரப்பும் அளவுக்கு முற்றியதைச் சௌடருக்கென்று ஒதுக்குகிறார்கள். முற்றியதன் சதை ரப்பர் மாதிரி இருக்கும், முழுதாகக் கடித்துத் தின்ன முடியாது. ஆனால் ருசி அதில்தான் அதிகம். அதைக் கொஞ்சம் தண்ணீரில் மூடிவைத்து வேகவைத்தால், ஓடு திறந்து உள்ளே இருக்கும் சாறு இறங்கும். கலங்கலாக, சாம்பல் நிறமாக, கடலின் உப்போடு இருக்கும் அந்தச் சாறுதான் சௌடர். உருளைக்கிழங்கு, வெங்காயம், பன்றிக்கொழுப்பு, பால் எல்லாம் அதற்குத் துணை. ரோட் ஐலண்டின் தென்கரையிலும் அதை ஒட்டிய கனெக்டிகட் கரையிலும் பால் ஊற்றாமல் அந்தச் சாறையே பரிமாறுகிறார்கள். கலங்கலாக இருந்தாலும் பால் இல்லாததால் அதைத் தெளிவான சௌடர் என்கிறார்கள். அதனால்தான் உங்கள் கிண்ணம் அப்படி வந்தது.

கேப் காடில் கரண்டியை நிற்க வைத்தது மைதா மாவு. வெண்ணெயில் மாவை வறுத்துப் பாலை ஊற்றினால் எதுவும் கெட்டிப்படும், அதற்கு மட்டியே வேண்டாம். மாவு போடுவதற்குச் சமையலறையில் ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. மாவு சேராத பால் சௌடரை மணிக்கணக்கில் சூட்டில் வைத்தால் பால் திரிந்துபோகும். மாவு சேர்ந்தால் திரியாது. காலையில் காய்ச்சியதை இரவு வரை ஆவித் தொட்டியில் வைத்து நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஊற்றலாம். கோடையில் வாசல் வரை வரிசை நிற்கும் கடைக்கு அது தேவைதான். அந்த வசதியே தரம் என்று பெயர் வாங்கிக்கொண்டதுதான் எனக்கு வருத்தம். நம் வீட்டில் ரசம் கெட்டியாக இருக்கிறது என்று யாரும் பெருமைப்படுவதில்லை. சௌடரும் அந்த வகையறாதான்.

அசல் என்று உங்கள் நண்பர்கள் சொன்னதால் இதையும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் அச்சேறிய மிகப் பழைய சௌடர் குறிப்பு 1751-ல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் செய்யுளாக வந்தது. அதில் பாலும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை, மட்டிகூட இல்லை. வெங்காயம், பன்றிக்கொழுப்பு, மீன், கப்பல் பிஸ்கட், மூலிகைகள் என்று அடுக்கடுக்காக வைத்து, சிவப்பு ஒயின் விட்டு வேகவைக்கச் சொல்கிறது. குழம்பைக் கெட்டியாக்கியது அந்தக் காய்ந்த பிஸ்கட்டுதான். இன்று சௌடரோடு காகிதப் பொட்டலத்தில் தரும் சின்ன ஆய்ஸ்டர் கிராக்கர் அதன் வாரிசு. மாலுமிகளின் சாப்பாடாக இருந்ததில் கிழங்கும் பாலும் பிறகு வந்து சேர்ந்தன. பால் ஊற்றிய சௌடரை நான் குறை சொல்லவில்லை. மாசசூசெட்ஸிலும் மெய்னிலும் நன்றாகச் செய்தால் அதைப்போல ஒன்று கிடையாது. அதுவும் பாலின் பதத்திலேயே இருக்கவேண்டும். கிழங்கிலிருந்து கசியும் மாவுச்சத்து தரும் லேசான கனமே அதற்குப் போதும்.

ஆகவே கடையில் கிண்ணம் வந்ததும் கிராக்கரை நொறுக்கிப் போடாதீர்கள். மிளகும் வேண்டாம். கிழங்கையும் சதையையும் ஒதுக்கிவிட்டு வெறும் சாறை ஒரு கரண்டி குடியுங்கள். நாக்கில் முதலில் கடல் உப்பு, அதன் பின்னால் மெல்லிய இனிப்பு. இது இருந்தால் மற்ற குறைகளை மன்னிக்கலாம். க்ரீம் ருசி மட்டும் வந்து நின்றுவிட்டால் அங்கே சாறு குறைவு. பேக்கன் என்கிற புகைபோட்ட பன்றி இறைச்சியின் வாசனை முந்திக்கொண்டு வந்தாலும் அப்படித்தான். பழைய முறையில் போடுவது புகை காட்டாத, வெறும் உப்பிட்ட கொழுப்பு. அடுத்து சதையைக் கடித்துப் பாருங்கள். கடைசியில் போட்டு இறக்கியிருந்தால் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்துவிட்டு விட்டுக்கொடுக்கும், கொதிக்கவிட்டிருந்தால் சவ்வு மாதிரி இழுக்கும்.

பரிமாறுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மட்டியை இங்கேயே வேகவைக்கிறீர்களா? பல கடைகளில் ஆழ்கடலில் வாரியெடுத்து ஆலையில் நறுக்கிப் பதப்படுத்திய சர்ஃப் கிளாம் என்ற வேறு வகை மட்டிதான் வருகிறது. அதிலும் ருசியான சௌடர் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் முழுக் கோஹாக்கை வாங்கி, வேகவைத்து, மணல் போக வடிகட்டுகிற கடைக்காரர் அதைச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுவார். கேட்டால் முகம் மலரும்.

வாசல் பலகையை விட்டுவிடுங்கள். போட்டிப் பரிசுகளையும் நான் அதிகம் நம்புவதில்லை. கூட்டத்தில் நின்றபடி குட்டிக் கோப்பையில் வரிசையாக ருசி பார்க்கும்போது க்ரீமும் வெண்ணெயும் மிகுந்ததே நாக்கைப் பிடிக்கும். அதையே ஒரு முழுக் கிண்ணம் சாப்பிட்டால் பாதியில் திகட்டிவிடும். பாஸ்டனில் 1826 முதல் நடக்கும் யூனியன் ஆய்ஸ்டர் ஹவுஸுக்கு ஒருமுறை போங்கள். அந்தப் பழைய மரப்பலகைத் தடுப்புகளுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவதே ஓர் அனுபவம்.

உங்களுக்கு நான் சொல்லும் பயணம் தெற்கே, ரோட் ஐலண்டின் நாராகான்செட் பக்கம். பாயின்ட் ஜூடித்தில் 1920 முதல் இருக்கும் ஆன்ட் கேரிஸ் போன்ற கடைகளில் சௌடரோடு கிளாம் கேக் வாங்கவேண்டும். மட்டித் துண்டுகள் கலந்த மாவை உருட்டி எண்ணெயில் பொரித்தது. அந்தத் தெளிவான சாறில் தோய்த்துத் தின்னும்போதுதான் சாறு ஏன் அவ்வளவு நீர்க்க இருக்கிறது என்று விளங்கும். ரோட் ஐலண்டில் தக்காளி சேர்த்த சிவப்புச் சௌடரும் உண்டு. வாரிக்கில் ராக்கி பாயின்ட் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1995-ல் மூடிவிட்டார்கள். அங்கே நீண்ட மேசைகளில் உட்கார்ந்து குடித்த சிவப்புச் சௌடரைப் பற்றி அந்த மாநிலத்துப் பெரியவர்கள் இன்றும் ஆசையாகப் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது தெளிவானதுதான்.

இவ்வளவுக்கும் மேலே, ஒருமுறை வீட்டில் காய்ச்சிப் பாருங்கள். நாக்குக்கு ஓர் அளவு பிடிபட்டுவிட்டால் எந்தக் கடையிலும் ஏமாறமாட்டீர்கள். மீன்கடையில் சௌடர் கோஹாக் என்று கேட்டு ஒரு டஜன் வாங்குங்கள், விலை லிட்டில்நெக்கைவிடக் குறைவுதான். ஓட்டைத் தேய்த்துக் கழுவி, இரண்டு கப் தண்ணீரில் மூடி வேகவையுங்கள். திறக்காததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சாறை மெல்லிய துணியில் வடிகட்டி, சதையைப் பொடியாக நறுக்குங்கள். வெண்ணெயில் வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்கி, உருளைக்கிழங்குத் துண்டுகளை அந்தச் சாறிலேயே வேகவிடுங்கள். கிழங்கு வெந்ததும் சூடான பாலும் சதையும் சேர்த்து, கொதி வருமுன் இறக்குங்கள். உப்பு போடவேண்டாம், சாறிலேயே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு மறுபடி மெல்லச் சூடாக்கினால் ருசி கூடும், மறுநாள் இன்னும் கூடும்.

வீட்டில் செய்வதில் உங்கள் மனைவியின் கவலையும் தீர்ந்துவிடும். கடைகளில் வெள்ளையோ தெளிவோ சிவப்போ, தொடக்கம் பெரும்பாலும் பன்றிக்கொழுப்புதான். உருகிக் கலந்துவிடுவதால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வெண்ணெய் மட்டும் போட்டுச் செய்கிற கடைகளும் உண்டு. பேக்கன் உண்டா என்று மட்டும் கேட்டால் இல்லை என்றே பதில் வரலாம். சால்ட் போர்க், அதாவது உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, உண்டா என்றும் கேளுங்கள். பொரித்த மட்டிக்கும் இதே எச்சரிக்கை. பாஸ்டனுக்கு வடக்கே எசெக்ஸ் பக்கம் பன்றிக்கொழுப்பிலேயே பொரிக்கிற பழைய கடை உண்டு, எனவே எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கடற்கரைக் கடைகள் பலவும் அக்டோபர் நடுவில் சாத்திவிடுவார்கள். நாராகான்செட் போவதானால் செப்டம்பரில் போங்கள். கூட்டம் குறைந்திருக்கும், கடைக்காரருக்கும் உங்களோடு பேச நேரமிருக்கும்.

அன்புடன்,
அக்கா