அம்மாவின் வேதாகமத்தில் ஓர் எண்ணெய்க்கறை

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம். எட்டு வருடமாக எங்கள் சபையின் மாத இதழில் தியானக் கட்டுரைகள் எழுதுகிறேன். அம்மாவைப் பற்றி எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புத்தகம் போடக் கேட்டால், 1000 பிரதிக்கும் நான்தான் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். அப்புறம், என் எழுத்தை நானே வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அது பெருமை ஆகிவிடாதா?
ஒரு வாசகி, நாசரேத்

அன்புள்ள சகோதரி,

கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ‘அம்மா இல்லாத நாட்களில் தேவன் என்னை ஆற்றித் தேற்றி வழிநடத்தினார்’ என்பது முதல் வரி. யார் எழுதியிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், அம்மாவின் வேதாகமத்தில் 121ஆம் சங்கீதம் இருக்கிற பக்கத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய்க்கறை இருக்கிறது, தலைவாரி முடித்த கையோடு அதை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தக் கறையிலிருந்து தொடங்குங்கள், ‘தேற்றினார்’ என்ற சொல் கட்டுரையில் வராமலே போனாலும் பரவாயில்லை. பாரம், சாட்சி, ஆசீர்வாதம் எல்லாம் ஜெபத்தில் நம் வாயில் தானாக வருகிற சொற்கள், ஆனால் எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீங்கள் கண்ணால் கண்டது என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சபை இதழில்தானே எழுதுகிறோம் என்று குறைவாக நினைக்காதீர்கள். கிறிஸ்தவக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியமே ‘நற்போதகம்’ இதழில் பகுதி பகுதியாக வந்து, அப்புறம்தான் 1894இல் நூலானது. அதற்கு மூலமான, ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் ‘பில்கிரிம்ஸ் பிராகிரஸ்’ கதையை அவர் அப்படியே பெயர்த்து வைக்கவில்லை, கம்பனில் ஊறிய தமிழில் புதிதாகவே பாடினார். 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர், நூல் வரும்போது வயது 67. அவசரமே இல்லை.

1000 பிரதி வேண்டாம். என் முதல் புத்தகத்துக்கு நானும் அப்படித்தான் பணம் கட்டினேன், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளில் கரையான் ஏறிய அன்று என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, அது இன்னும் வலிக்கிறது. டிஜிட்டல் பிரிண்டில் 100 பிரதி போட்டுப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல பிழைதிருத்துநர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிப்புரிமை உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து.

இனி, பகிர்ந்தால் பெருமையாகிவிடுமோ என்ற அந்த உறுத்தல். கொலோசெயர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். சிறையிலிருக்கிற பவுல், இந்தக் கடிதம் உங்களிடம் வாசிக்கப்பட்ட பிறகு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கப்படட்டும் என்று எழுதுகிறார். தன் கடிதம் யார் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்தது, அதைப் பெருமை என்று யாரும் சொல்வதில்லை. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை, தன் பாடல்களைத் தானே சபைகளில் பாடி நடத்தினார். அதனால் பகிருங்கள். தினமும் காலையில் நாற்பது குழுக்களில் போடுவது வேறு விஷயம், அது வேண்டாம். அம்மாவை இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒருவர் உங்கள் சபையிலேயே இருப்பார், முதலில் அவருக்கு அனுப்புங்கள். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையன்று புத்தகத்துக்கு ஒரு மேசை போட, சபைப் போதகரான ஐயரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்.

திருத்திய கட்டுரையை எனக்கு அனுப்புங்கள். அந்தக் கறை எந்த வசனத்தின் மேல் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வேதாகமத்தை எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்