தங்கமீன் பிழைக்கிறது, கப்பி சாகிறது: ஏற்காட்டுக் குளிரில் மீன் தொட்டி

கேள்வி: ஐயா, வணக்கம். ஏற்காடு நாகலூர்ப் பக்கம் காபியும் மிளகும் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்காக வராந்தாவில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. ஐப்பசியில் சேலத்திலிருந்து கப்பி, ஏஞ்சல், தங்கமீன் மூன்றும் வாங்கி வந்து ஒன்றாக விட்டோம். கார்த்திகை முடிவதற்குள் கப்பியும் ஏஞ்சலும் மூலையில் ஒதுங்கின. உடம்பில் ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளி வந்து, ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே இருக்கின்றன. தங்கமீன் மட்டும் நன்றாக இருக்கிறது. ராத்திரி குளிருமே என்று அடுப்பில் காய்ச்சிய வெந்நீர் ஒரு சொம்பு ஊற்றுகிறோம். ஹீட்டர் வாங்கட்டுமா? எத்தனை வாட்? இன்னொன்று, சேலம் அம்மாபேட்டையில் என் தங்கை வீட்டுத் தொட்டியில் சித்திரை வெயிலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: ஹீட்டர் வாங்குங்கள் அம்மா. ஆனால் அது வந்து சேரும்வரை காத்திருக்காமல், அந்த வெந்நீர்ச் சொம்பை இன்றைக்கே நிறுத்துங்கள்.

உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். கொதித்து இறக்கிய ஒரு லிட்டரை ஊற்றினால் மொத்தத் தண்ணீரின் சூடு ஒன்றரை டிகிரி ஏறினாலே அதிகம். அதுவும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ஆனால் ஊற்றுகிற இடத்தில் நிற்கும் மீனுக்கு அந்த நொடியில் வெந்நீர்தான் படுகிறது. குளிர் குறைவதில்லை, மீனுக்கு அதிர்ச்சிதான் மிஞ்சுகிறது.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது தங்கமீன் பிழைத்திருக்கிறது என்பதுதான். தண்ணீரில் விஷமோ வேறு கேடோ இருந்தால் அதுவும் சேர்ந்தே வாடியிருக்கும். தங்கமீன் கெண்டை இனம், 15 டிகிரியிலும் இயல்பாக நீந்தும். கப்பிக்கு 22 முதல் 28 வரை வேண்டும். அமேசான் ஆற்றுப் பக்கத்து மீனான ஏஞ்சலுக்கு 24க்குக் கீழே போகக்கூடாது. மார்கழி விடியலில் ஏற்காட்டுக் காற்று 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும், பகலில் 22, 23க்கு ஏறும். வராந்தாத் தொட்டி இந்த ஏற்ற இறக்கத்தைத் தினமும் வாங்குகிறது. குளம் பெரியது, அதனால் மெதுவாகத்தான் ஆறும். 50 லிட்டர் அப்படித் தாங்காது. மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்று கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் தினம் ஆறி ஆறிக் காய்ந்தால் நோயைத் தடுக்கும் சக்தி போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளைப் புள்ளி நோய் பிடிக்கிறது.

இந்த நோய்க்குக் காரணம் இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. முற்றியதும் உதிர்ந்து அடியில் கல், மணலில் ஒட்டி, கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை வெளியே வந்து அடுத்த மீனைத் தேடி நீந்தும் சில மணி நேரம்தான் உப்புக்கும் மருந்துக்கும் வேலை. 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 15 டிகிரியில் வாரக்கணக்கில் இழுக்கும். குளிர்ந்த தொட்டியில் மூன்று நாள் மருந்து போட்டுவிட்டுப் பலன் இல்லை என்று விடுகிறவர்கள் தோற்பது இங்கேதான்.

ஆகவே முதலில் தொட்டியை வராந்தாவிலிருந்து உள் அறைக்கு மாற்றுங்கள். பெரும்பாலான தண்ணீரை எடுத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி விரியும். எடுத்த தண்ணீரையே பக்கெட்டில் வைத்திருந்து மறுபடி ஊற்றுங்கள். அடியிலும், பின்பக்கமும், இரண்டு ஓரத்திலும் தெர்மாகோல் அட்டை, மேலே மூடி. சூடு அதிகம் போவது மேற்பரப்பு வழியாகத்தான், அதனால் மூடி இல்லாத தொட்டிக்கு ஹீட்டர் வாங்குவது வீண் செலவு.

தண்ணீரை அறையின் சூட்டைவிட 5 டிகிரி கூடுதலாக வைத்திருக்க லிட்டருக்கு ஒரு வாட் போதும் என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு 10 டிகிரி வித்தியாசம் தேவைப்படும், ஆகவே 50 லிட்டருக்கு 100 வாட். ஒரே 100 வாட்டுக்குப் பதில் 50 வாட் இரண்டாக வாங்கினால் எனக்கு இன்னும் திருப்தி. சூடு போதும் என்றதும் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் சிக்கி, ஹீட்டர் அணையாமல் ஓடிக்கொண்டே இருப்பது வழக்கமான கோளாறு. 200 வாட் ஒன்று அப்படி ஓடினால் விடிவதற்குள் மீன் வெந்துவிடும். ஃபில்டர் தண்ணீர் தள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் பொருத்துங்கள். தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பிள்ளைகள் கையை விடும் தொட்டி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஹீட்டரின் திருகில் உள்ள எண்ணை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் ஒட்டி வையுங்கள்.

நோய் இருக்கும்வரை இலக்கு 28 டிகிரி. ஒரே மூச்சில் ஏற்ற வேண்டாம். ஒரு நாளைக்கு 3, 4 டிகிரி என்று மூன்று நாளில் ஏற்றுங்கள். கூடவே லிட்டருக்கு 2 கிராம், அதாவது மொத்தம் 100 கிராம் கல் உப்பை மூன்று பங்காகக் கரைத்து ஒரே நாளில் இடைவெளி விட்டு ஊற்றுங்கள். உயிருள்ள செடி இருந்தால் எடுத்துவிடுங்கள், உப்பில் கருகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடியில் உள்ள கசடைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, அந்த அளவு தண்ணீருக்கு மட்டும் புதிதாக உப்புச் சேருங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். பிறகு கப்பி மட்டும் இருந்தால் 24 டிகிரி போதும், ஏஞ்சல் பிழைத்திருந்தால் 26.

உயரத்தில் இருப்பவர்கள் மறந்துவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடற்கரையைவிட 15 சதவீதம்போலக் குறைவு. 28 டிகிரியில் சென்னைத் தொட்டியில் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் கரைந்தால் உங்கள் தொட்டியில் ஆறரைதான் கரையும். வைத்தியம் நடக்கும் நாட்களில் ஏர் பம்ப் இரவு பகலாக ஓடட்டும்.

தங்கமீனை இந்தச் சூட்டில் வைக்காதீர்கள். புள்ளி தெரியாவிட்டாலும் ஒட்டுண்ணி அதன் செவுளில் இருக்கலாம். வேறு பெரிய டப்பில், ஏர் பம்போடும் ஃபில்டரோடும், அதே அளவு உப்பில், ஹீட்டர் இல்லாமல் ஒரு மாதம் தனியே இருக்கட்டும். அதன் பிறகும் கப்பியோடு சேர்க்க வேண்டாம், இரண்டுக்கும் ஒரே சூடு ஒத்துவராது. என்னைக் கேட்டால், ஏற்காட்டுக்குப் பொருத்தமான மீன் தங்கமீன்தான். அதற்கே ஒரு நல்ல பெரிய தொட்டியாகப் போட்டால் ஹீட்டர் செலவே இல்லை.

கரண்ட் போகிற இரவில் தொட்டியைக் கம்பளியால் சுற்றி, மூடி போட்ட பாட்டிலில் வெந்நீர் நிரப்பி மிதக்கவிடுங்கள். 60 டிகிரியில் ஒரு லிட்டர் பாட்டில், தொட்டியை முக்கால் டிகிரி தூக்கும், அதுவும் மெதுவாக. காற்றுக்குப் பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். அன்றைக்குத் தீனி வேண்டாம், குளிரில் மீனுக்குச் செரிக்காது. தண்ணீர் மாற்றும்போது பச்சைத் தண்ணீரில் வெந்நீரைப் பக்கெட்டிலேயே கலந்து, தெர்மாமீட்டரில் தொட்டியின் அளவு வந்த பிறகு ஊற்றுங்கள். வெந்நீருக்கு இடம் பக்கெட்டும் பாட்டிலும்தான்.

இனி தங்கை வீட்டுத் தொட்டி. சித்திரையில் சேலத்தில் வெயில் 40ஐத் தொடும்போது தொட்டி 32, 33க்குப் போய்விடும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மேசை ஃபேனைத் தண்ணீரின் மேற்பரப்பில் சாய்வாக வீசவிட்டால், ஆவியாவதாலேயே 2, 3 டிகிரி இறங்கும். குறைகிற தண்ணீரைத் தினம் நிரப்ப வேண்டும். ஐஸ் கட்டியை நேராகப் போடக்கூடாது. அரை லிட்டர் பாட்டிலில் உறைய வைத்து மிதக்கவிட்டால் 50 லிட்டர் தொட்டியில் ஒரு டிகிரி இறங்கும், அந்த அளவு போதும். மத்தியான நேரத்து மாடி டேங்க் தண்ணீர் சுடும், ஆகவே காலையில் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்து ஊற்றச் சொல்லுங்கள். தீனியைப் பாதியாக்க வேண்டும். மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவின் நச்சு 20 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மீன் எந்த நேரத்தில் வாய் பிளக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு என்றால் வெயில்தான் காரணம், மேலே சொன்னது போதும். விடியற்காலையில் என்றால் தொட்டியில் மீன் கூடுதலாக இருக்கிறது, அல்லது செடியும் பாசியும் இரவில் ஆக்ஸிஜனை இழுத்துவிடுகின்றன. அப்போது ஃபேன் உதவாது. மீனைக் குறைத்து, பாசியைச் சுரண்டி, இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடவிட வேண்டும்.