தாய்மாமன் ஃப்ளெக்ஸ்

அன்புள்ள ஐயா,

கட்சிக் கொடிக்கம்பம், கட்சி பேனர் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் சரி. வீட்டு விசேஷ ஃப்ளெக்ஸைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லையே, ஏன்? வைகாசியில் திருமங்கலம் பக்கம் ஒரு மண்டபத்தில் என் பிள்ளைகளுக்குக் காதணி விழா. மண்டபத்துக்கு முந்திய ரோட்டு வளைவில் 20க்கு 10 ஃப்ளெக்ஸ் வைத்தே தீருவேன் என்கிறான் மச்சினன். “கட்சிக்காரன் வைக்கிறான், சினிமாவுக்கு வைக்கிறான், என் அக்கா பிள்ளைகளுக்கு நான் வைக்கக் கூடாதா?” என்று கேட்கிறான். வேண்டாம் என்றால் மதிக்கவில்லை என்று ஆகிவிடும். என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகர், திருநகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மச்சினன் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் கொடுத்துவிடுங்கள்.

மதுரைச் சீமையில் விசேஷ ஃப்ளெக்ஸ் என்பது மொய் நோட்டுக்குத் தம்பி. தாய்மாமன் யார், பங்காளி யார், சம்பந்தி எந்த ஊர் என்று வரிசையாக முகம் போட்டுப் பேர் போடுவதை வெறும் பவுசு என்று தள்ளிவிட முடியாது. சீர்த்தட்டோடு வருகிறவன், பிள்ளையை மடியில் உட்காரவைத்துக் காது குத்தக் கொடுக்கிறவன், தன் பேர் பெரிதாக வரவேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அதனால் ஃப்ளெக்ஸே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ரோட்டில் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

ரோட்டில் வைத்தால் அந்தப் பேர்களை யாரும் படிக்கப்போவதில்லை. 1 அங்குல உயர எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க 10 அடி தூரம்தான் கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் பைக்கில் வருகிறவர் ஒரு வினாடிக்கு 36 அடி கடக்கிறார். மூன்று வினாடி பார்த்துப் படிக்க வேண்டுமானால் 100 அடிக்கு முன்னாலேயே எழுத்து தெரியவேண்டும், அதாவது 10 அங்குல எழுத்து வேண்டும். அந்த அளவில் பிள்ளைகள் பேரும் மண்டபத்தின் பேரும் போட்டாலே இடம் முடிந்துவிடும். நாற்பது மாமன் மச்சான் பேரை 2 அங்குலத்தில் அடித்து வளைவில் நிறுத்தினால், அது எதிரே வரும் லாரியை மறைக்கத்தான் உதவும். அதையே மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிப்பாருங்கள். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் ஒன்றுவிடாமல் படிப்பார்கள், நின்று போட்டோவும் எடுப்பார்கள்.

அடுத்தது காற்று. மச்சினனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் மதியம்வரை இலை அசையாது. சாயங்காலம் வானம் கருத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் புழுதியை வாரிக்கொண்டு ஒரு காற்று வரும். 20க்கு 10 என்றால் 200 சதுர அடி, ஒரு பாய்மரம். 40 கிலோமீட்டர் வேகக் காற்றே அதைச் சுமார் 150 கிலோ எடையளவுக்குத் தள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்காகும், 600 கிலோ. இரண்டு சவுக்குக் கம்பை ஒரு முழம் ஆழத்தில் ஊன்றி, நாலு செங்கலை அண்டை கொடுத்து நிறுத்தியது இதற்கு எப்படித் தாங்கும்? நடுவில் பிறை மாதிரி வெட்டிவிட்டால் காற்று போய்விடும் என்பார்கள். குறைவது கொஞ்சம்தான். அந்த வெட்டிலிருந்தே கிழிசலும் தொடங்கும்.

வீட்டு விசேஷம் வேறு, கட்சி வேறு என்று மச்சினன் சொன்னால், 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் நடந்ததை நினைவுபடுத்துங்கள். 23 வயதுப் பெண், ஸ்கூட்டரில் வேலை முடிந்து திரும்புகையில் பேனர் மேலே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்தார். அது ஒரு கட்சிப் பிரமுகரின் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பேனர். கட்சிக்காரன் வைக்கிறானே என்பதும் சரியான பதில் ஆகாது. பொது இடங்களிலுள்ள கொடிக்கம்பங்களை 12 வாரத்தில் அகற்றச் சொல்லி நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளைதான் 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. அனுமதியில்லாமல் ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் வைப்பது யார் வைத்தாலும் தப்புதான். சினிமா கட்அவுட்டுக்கும் அதே பேச்சு.

இனி செய்யவேண்டியது. வாசலுக்கு உள்ளே, காம்பவுண்டுச் சுவரில் 8க்கு 6 ஒன்று. பிள்ளைகள் படமும் தாய்மாமன் படமும் மட்டும். 48 சதுர அடிக்கு வரும் காற்று அந்தப் பெரியதில் கால்வாசிகூட இல்லை. மொய் மேஜைப் பக்கம் 6க்கு 4, அதில் மற்ற உறவு முழுவதும். ரீப்பர் சட்டத்தில் இழுத்து அடித்து, நாலு மூலையிலும் நடுவிலுமாகச் சுவர்க்கொக்கியில் கட்டுக்கம்பி போட்டு முறுக்கச் சொல்லுங்கள். வெறும் நைலான் கயிறு முடிச்சு நழுவும். தனியாக நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் 12 அடிக் கம்புக்கு 3 அடிக் குழி, முன்னும் பின்னும் சாய்வு முட்டு. காற்று ஒரே பக்கம் அடிக்காது. இரும்புச் சட்டத்தை நிமிர்த்தும்போது மேலே கரண்டுக் கம்பி இருக்கிறதா என்று ஒருவர் நின்று பார்க்கவேண்டும். கம்பியில் உரசினால் பிடித்திருக்கிற அத்தனை பேரும் போய்விடுவார்கள். ஈர மரமும் நம்பத் தகாதது.

டிசைன்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாதிரியை நீங்கள் மட்டும் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். விட்டுப்போன ஒரு பேருக்கு ஃப்ளெக்ஸ் விலையைவிடப் பெரிய விலை உண்டு. இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் காட்டுங்கள். முறைக்குள் யார் முன்னே யார் பின்னே என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மச்சினனிடம் பேசுவதை அவர் அச்சுக்கடைக்குப் போகுமுன் பேசுங்கள். “மாப்ள, வாசல் ஃப்ளெக்ஸ் உன் பேர்லதான், வேற யாருக்கும் அதுல இடமில்ல. ரோட்டுல வேணாம், நம்ம விசேஷத்துக்கு வர்ற ஆளு மேலயே விழுந்துரும்” என்று சொன்னால் போதும். அளவைக் குறைத்ததாகத் தெரியக்கூடாது, இடத்தைப் பெரிதாக்கியதாகத் தெரியவேண்டும். அவர் அக்காவையே சொல்லச் சொன்னால் இன்னும் சுலபம்.

பந்தி முடிந்த அன்று ராத்திரியே இறக்கிவிடுங்கள், மண்டபத்து ஆளிடம் முன்கூட்டியே கூலி பேசி. எரிக்கவேண்டாம். அது பிவிசி பூசிய துணி, புகை விஷம். விறகு மூடவும் மாட்டுக்கொட்டகைக் கூரை ஒழுகலுக்கும் ஆகும். நெல், மிளகாய் காயப்போட வேண்டாம். கூரையில் போடும்போது அச்சடித்த பக்கத்தை உள்ளே வையுங்கள், மாமன் முகம் வெயிலில் உரியாமல் இருக்கும்.