கல்லீரலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி: வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரலில் 6 செ.மீ. கட்டி. முதலில் சாதாரண ஈரல் புற்றுநோய் என்றார்கள். பயாப்சியில் நியூரோஎண்டோகிரைன் ட்யூமர் என்று வந்திருக்கிறது. ‘சி.டி.யில் வேறெங்கும் ஒன்றுமில்லை, ஈரலிலேயே உண்டானதுதான்’ என்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நியூரோஎண்டோகிரைன் கட்டி என்பது ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வளர்வது. அது ஈரலிலேயே பிறப்பது மிக மிக அபூர்வம். அங்கே காணப்படுபவை பெரும்பாலும் சிறுகுடல், கணையம், மலக்குடல், நுரையீரல் இவற்றிலிருந்து பரவி வந்தவை. சிறுகுடலில் மூலக்கட்டி சுண்டுவிரல் நகமளவுகூட இருக்காது, ஈரலில் பரவியதோ பெரிதாக வளர்ந்து நிற்கும். சி.டி. அந்தச் சின்னக் கட்டியைத் தவறவிடுவது சகஜம்.

முதலில் வந்த குழப்பத்துக்கும் காரணம் உண்டு. இரண்டு வகைக் கட்டியுமே ஈரல் தமனியிலிருந்து ரத்தத்தை இழுப்பதால், கான்ட்ராஸ்ட் மருந்து ஏறியதும் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குவது) இல்லை, மஞ்சள்காமாலை வைரஸ் இல்லை, ஈரல் புற்றுநோயில் பெரும்பாலும் ஏறும் ஏ.எஃப்.பி. ரத்த அளவும் நார்மல் என்றால் அப்போதே சந்தேகம் வர வேண்டும்.

அடுத்து வேண்டியது, இந்த வகைக் கட்டி எங்கே இருந்தாலும் ஒளிரச் செய்து காட்டும் ஸ்கேனான காலியம்-68 டோட்டாடேட் பெட்-சி.டி. கூடவே எண்டோஸ்கோபி, சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை நுழைத்துப் பார்க்கும் கொலனோஸ்கோபி, நெஞ்சு சி.டி. பயாப்சித் துண்டில், கட்டி எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று காட்டும் புரதங்களில் சி.டி.எக்ஸ்.2 பாசிட்டிவ் என்றால் குடலையும், டி.டி.எஃப்.1 என்றால் நுரையீரலையும் இன்னொரு முறை துருவ வேண்டும். இவ்வளவும் பார்த்து எங்கும் கிடைக்காத பிறகுதான் ‘ஈரலிலேயே உண்டானது’ என்று எழுதலாம்.

ரிப்போர்ட்டில் கி-67 சதவீதம் (எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 3-க்குக் கீழே கிரேடு 1, 3 முதல் 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. கிரேடு 3 என்றால், செல்கள் நன்கு உருப்பெற்ற ட்யூமரா, உருக்குலைந்த கார்சினோமாவா என்பதையும் நோயியல் நிபுணர் சொல்ல வேண்டும். கார்சினோமாவுக்கு பிளாட்டினம்-எட்டோபோசைடு கீமோ. மெதுவாக வளரும் கட்டிக்கு அதைக் கொடுத்தால் வீண் அவதிதான் மிச்சம். முழுதாக வெட்டி எடுக்க முடிகிற கட்டிக்கு, மெதுவாக வளரும் வகையானால், ஆபரேஷனே முதல் தேர்வு.

கேள்வி: இந்தக் கட்டிக்காக ரத்தத்தில் பார்க்கும் குரோமோகிரானின் ஏ மூன்று மடங்கு அதிகம். பல வருடமாக வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் சாப்பிடுகிறேன். நோய் முற்றிவிட்டதா?

பதில்: மாத்திரையாலேயே ஏறும், சிறுநீரகக் கோளாறாலும் ஏறும். டாக்டர் அனுமதித்தால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். 24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்.ஐ.ஏ.ஏ. (செரோடோனின் ஹார்மோன் சிதைந்து வரும் கழிவு) பார்ப்பதாக இருந்தால், மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் வேண்டாம்.

கேள்வி: ஈரலின் இரு பக்கமும் கட்டிகள், கிரேடு 2. கட்டியின் வளர்ச்சியை அடக்கும் லான்ரியோடைட் ஊசி 120 மி.கி. 28 நாளுக்கொருமுறை போடுகிறார்கள். மலம் வெளிறி, எண்ணெய் மிதக்கப் போகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: மருந்து கணைய நொதிகளையும் அடக்கிவிடுகிறது, கொழுப்பு செரிக்காமல் போகிறது. நொதி கேப்சூல் கேளுங்கள். அதைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், சாப்பிட்டு முடித்த பின் போட்டால் பாதிப் பலன்தான். தண்ணீராக, ராத்திரியிலும் போய், முகமும் சிவந்தால் அது கட்டி சுரக்கும் செரோடோனின் முதலான ஹார்மோன்களின் வேலை. அப்படியானால் இதய வால்வுகளுக்கு எக்கோ கட்டாயம். இந்த ஊசியால் பித்தப்பைக் கல் வரக்கூடும் என்பதால் அவ்வப்போது அல்ட்ராசவுண்டும் தேவை.

ஊசியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். பிட்டத்தின் மேல் வெளிப்பகுதியில், தோலுக்கடியில் ஆழமாக, 20 வினாடி நிதானமாக அழுத்த வேண்டும். மேலோட்டமாகப் போனால் உருண்டை கட்டும்.

மருந்தையும் மீறிக் கட்டி வளர்ந்தால், டோட்டாடேட் ஸ்கேனில் நன்றாக ஒளிரும் கட்டிகளுக்கு உள்ளிருந்தே கதிர்வீச்சுக் கொடுக்கும் லுட்டீசியம்-177 சிகிச்சை உண்டு: 7.4 ஜிகாபெக்கரல் வீதம், 8 வார இடைவெளியில் 4 முறை. சிறுநீரகத்தைக் காக்க லைசின், அர்ஜினின் கலந்த டிரிப்பும் ஏற்றுவார்கள். கட்டிக்கு ரத்தம் தரும் தமனியை அடைக்கும் எம்போலைசேஷனும் உண்டு. ஆனால் முன்பு பித்தநாளத்தைக் குடலோடு இணைத்து ஆபரேஷன் ஆகியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஈரலில் சீழ்க்கட்டி வரும் அபாயம் அதிகம். முகச்சிவப்பு, பேதி இருப்பவர்கள் எந்த மயக்க மருந்துக்கும் முன்னால் மயக்கவியல் டாக்டரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம் திடீரென்று தாறுமாறாகும் கார்சினாய்டு நெருக்கடி வரலாம். அதைச் சமாளிக்க, லான்ரியோடைட் வகையைச் சேர்ந்த ஆக்ட்ரியோடைட் மருந்து தயாராக இருக்க வேண்டும்.