வயிறு கெட்டால் மூட்டும் நரம்பும் வலிக்குமா?

கேள்வி: நாலைந்து வருடமாக நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம். இப்போது மூட்டு வலியும் பாத எரிச்சலும் சேர்ந்துவிட்டன. வீட்டில் "எல்லாம் வாயுதான்" என்கிறார்கள். வயிற்றுக்கும் இந்த வலிகளுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?

உண்டு. ஆனால் வீட்டில் சொல்கிற வழியில் இல்லை. குடலில் இருக்கும் வாயு நகர்ந்து போய் முழங்காலில் உட்கார வழியே கிடையாது. நான் மருத்துவன் அல்ல, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். எனக்கு நடந்ததையும், அதனால் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் சொல்லி டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட ஆரம்பித்தேன். இந்த வகை மாத்திரைகள் வலியை அடக்கும்போதே இரைப்பையின் உட்சுவருக்கு இருக்கும் பாதுகாப்பையும் குறைத்துவிடும். வயிறு புண்ணானது. அதற்குப் பாண்டோபிரசோல் என்ற, அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில். டாக்டர் எழுதிக் கொடுத்தது என்னவோ இரண்டு வாரத்துக்குத்தான். நான் ஆறு வருடம் போட்டேன். எரிச்சல் நின்றுவிட்டது, ஒரு அட்டை முடிந்தால் இன்னொரு அட்டை, யார் கேட்கப் போகிறார்கள்?

ஐந்தாவது வருடத்தில், ராத்திரி படுத்தால் பாதம் எரிய ஆரம்பித்தது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பேன். சர்க்கரையாக இருக்கும் என்றார்கள், பார்த்தால் இல்லை. மறுபடியும் வலி மாத்திரை. அப்புறம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் இடது கால் செருப்பு கழன்றதே எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த ஒரு அம்மா "தம்பி, செருப்பு" என்று கூப்பிட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். முகத்துக்குச் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கம் சாயும்.

நரம்பு மருத்துவர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிர்வு தெரியுதா?" என்றார். "எதுங்க சார்?" என்றேன். அடுத்த கேள்வி: "கேஸ் மாத்திரை எத்தனை வருசமா போடறீங்க?"

ரத்தத்தில் வைட்டமின் பி12 ஒரு மில்லிக்கு 142 பிகோகிராம்தான் இருந்தது. 200க்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். நாம் சாப்பிடும் உணவில் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். பிரிந்து வந்தது, இரைப்பையே சுரக்கும் இன்னொரு புரதத்தின் துணையோடு சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்த்தான் உடம்பில் சேரும். நான் அமிலத்தை ஆறு வருடம் அடைத்து வைத்திருந்தேன். போதாததற்கு எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. காய்கறியிலும் பருப்பிலும் பி12 இல்லை, பாலும் தயிரும்தான் கதி. கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருப்பதால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. தீர்ந்த பிறகு, நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை சிதைய ஆரம்பிக்கும். ஒயர் மேலுறை போன மாதிரி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம், இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனக்கு ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது. அதனால் ரத்தசோகை இல்லையே என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது.

மூட்டுக்கு வேறு பாதை. பெருங்குடல் புண், கிரோன் நோய் போன்ற குடல் அழற்சி உள்ள சிலருக்கு மூட்டிலும் முதுகெலும்பிலும் அழற்சி வரும். காலையில் எழுந்ததும் இடுப்பு இறுகிக் கிடந்து, நடக்க நடக்க இளகினால், கூடவே நாள்பட்ட பேதியோ மலத்தில் ரத்தமோ இருந்தால் இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாதத்தை மனதில் வைத்து உருவாக்கிய சல்ஃபாசலசின் என்ற மருந்து, பெருங்குடல் புண்ணுக்கும் கேட்டது. இன்றும் இரண்டுக்கும் தருகிறார்கள்.

வாயு என்ற பேச்சில் எனக்கு ஒரே ஒரு பயம் உண்டு. நெஞ்சிலிருந்து இடது தோளுக்கு வலி பரவி வியர்த்துக் கொட்டினால், சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள்.

சரி, உங்கள் விஷயம். கேஸ் மாத்திரை, வலி மாத்திரை எதை எவ்வளவு நாளாகப் போடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பி12, வைட்டமின் டி, சர்க்கரை, தைராய்டு பார்க்கச் சொல்லுவார்கள். அதற்கு முன்பே யாரோ சொன்னார்கள் என்று சத்து ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், அப்புறம் ரத்தத்தில் பி12 ஏறிக் காட்டும், பழைய நிலைமை தெரியாது. கேஸ் மாத்திரையையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து படுத்திவிடும். எனக்கு அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள். பி12 ஊசி முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. எரிச்சல் போக நாலு மாதம் ஆனது. இடது கால் கட்டைவிரல் நுனி மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது.