கொங்கோவின் செம்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொங்கோவில் சீனா செய்திருக்கும் சுரங்க ஒப்பந்தத்தைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். பெல்ஜியம் 75 வருடம் அள்ளிக்கொண்டு போனது. சீனா சாலையும் மருத்துவமனையுமாவது கட்டித் தருகிறதே, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

க.சு., திருச்சி

அன்புள்ள க.சு.,

வைக்கக் கூடாது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள் ரப்பருக்காக மனிதர்களின் கைகளை வெட்டினார்கள். அந்தக் கொடுமைக்குப் பக்கத்தில் எந்த வணிக ஒப்பந்தத்தையும் நிறுத்த முடியாது. ஆனால் கொங்கோக்காரர்களுக்கு நியாயமாக வரவேண்டியதை லியோபோல்டை வைத்தா அளப்பது?

சீன நிறுவனங்களும் கொங்கோ அரசும் சேர்ந்து நடத்தும் சுரங்க நிறுவனம் சிக்கோமைன்ஸ். அதற்காக 2008இல் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். சுரங்க நகரமான கொல்வேசியின் செம்பும் கோபால்ட்டும் கொங்கோவின் மண்ணில் இருப்பவை. கூட்டு நிறுவனத்தில் சீனத் தரப்புக்கு 68 சதவீதம், கொங்கோவின் அரசு நிறுவனமான ஜெக்காமைன்ஸுக்கு 32. சாலைகளுக்கென்று பேசிய 300 கோடி டாலரும் இனாம் இல்லை, சுரங்க வருமானத்தில் கழியவேண்டிய கடன். அது அடையும்வரை நிறுவனத்துக்கு வரிவிலக்கு வேறு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஏரும் விதையும் கொண்டுவந்தவர் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறார், விதைக்கடனையும் களத்திலேயே கழித்துக்கொள்கிறார். நிலத்துக்காரர் மிச்சத்துக்குக் காத்து நிற்கிறார்.

2023இல் கொங்கோ அரசின் நிதி ஆய்வு அமைப்பு கணக்கெடுத்தது. சீனத் தரப்புக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட 1000 கோடி டாலர், கட்டித் தந்தவற்றின் மதிப்பு 82 கோடி என்றது. சீனத் தரப்பு இதை மறுத்தது. பாதியைத் தள்ளுபடி செய்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

சீனாவை மட்டும் சொல்லவில்லை. கொங்கோ உட்படப் பல நாடுகளில் லஞ்சம் கொடுத்ததாக 2022இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட கிளென்கோர், சுவிட்சர்லாந்து நிறுவனம். தலைநகர் கின்ஷாசாவில் உட்கார்ந்து இப்படிப்பட்ட தாள்களில் கையெழுத்துப் போட்டவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. தங்கள் கையில் இருந்ததன் மதிப்பு அவர்களுக்குத் தெரியாதா என்ன? உலகின் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. அதைச் சுத்திகரிக்கும் ஆலைகளில் பெரும்பகுதி சீனாவில். பேட்டரிக்கு ஏற்ற பொருளாக அது விலை ஏறுவது அங்கே போன பிறகுதான்.

2024 மார்ச்சில் சிக்கோமைன்ஸ் ஒப்பந்தத்தை இரு தரப்பும் மறுபடி பேசினார்கள். கட்டுமானத் தொகை 700 கோடி டாலராக உயர்ந்தது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி, பதினாறு வருடம் கழித்து. ஆனால் செம்பு டன்னுக்கு 8000 டாலருக்குக் கீழே இறங்கினால் சாலைக்கான பணமும் குறையும். பங்கு இன்னும் அதே 68, 32தான்.