பழைய கார் கேள்வி பதில்: முனகும் ஸ்டியரிங்

கேள்வி: அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த 1984 பென்ஸ் 240டி-யை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நாளாக அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் திருப்பும்போது முன்பக்கம் முனகுகிறது, ஸ்டியரிங்கும் கனக்கிறது. பம்ப், ஸ்டியரிங் பாக்ஸ் இரண்டுமே போய்விட்டது, புதுப்பேட்டையில் பழசு கிடைத்தால் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடவா?
(அண்ணா நகர் வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். முதலில் வண்டியைச் சற்று ஓட்டிவிட்டு, இன்ஜினை நிறுத்திய கையோடு பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே டிகிரி காபி மாதிரி நுரை தள்ளியிருந்தால் ஆயிலில் காற்று கலந்திருக்கிறது, முனகலுக்குக் காரணம் அதுதான். அளவு குறைந்திருந்தாலே பம்ப் காற்றை இழுக்கும். அளவு சரியாக இருந்தும் நுரைத்தால், உங்கள் வண்டியில் டப்பா பம்போடு சேர்ந்தே இருப்பதால், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓ-ரிங்கையும் பம்ப் ஷாஃப்ட் சீலையும் சந்தேகப்பட வேண்டும். ரப்பர்தானே, நாற்பது வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்தால் விறைத்துப்போகத்தான் செய்யும். இதில் ஒரு விஷயம், காற்று உள்ளே போகிற இடத்தில் ஆயில் வெளியே சொட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை, அதனால் 'லீக்கே இல்லையே சார்' என்று யார் சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள்.

டப்பாவுக்குள் ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு பேப்பர் ஃபில்டர் இருக்கும். அதை மாற்றியதாக யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தால் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். அப்புறம் ஏர் எடுக்க வேண்டும், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்: முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள், இன்னொருவர் டப்பாவைப் பார்த்து ஆயில் குறையக் குறைய ஊற்றட்டும். குமிழி வருவது நின்ற பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

நுரையே இல்லை என்றால் பம்பைச் சுழற்றும் பெல்ட்டைப் பாருங்கள். திருப்பும்போது மட்டும் 'கீச்' என்று கத்தினால், அல்லது ஐடிலில் கனத்து ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்ததும் இலகுவானால், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பம்ப் தேய்மானம் அதற்கப்புறம். ஒரு பக்கம் இலகு, மறுபக்கம் மட்டும் கனம் என்றால் பாக்ஸுக்குள் இருக்கும் வால்வு. அப்போது மெக்கானிக் சொன்னதில் பாதி சரி, பம்பை அப்படியே விட்டுவிட்டு பாக்ஸை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முன் டயர்களில் காற்று குறைவாக இருந்தாலும் ஸ்டியரிங் கனக்கும், பைசா செலவில்லாமல் பெட்ரோல் பங்க்கிலேயே அதைத் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: இதே மாடல்தான் என்னிடமும். ஸ்டியரிங்கில் பிளே (சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் சும்மா ஆடுவது) இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் பாக்ஸ் மேல் இருக்கும் ஸ்க்ரூவை டைட் வைத்தார்கள். இப்போது கத்திபாரா மேம்பாலத்தில் வளைந்து ஏறினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி நேராவதில்லை, நான்தான் பிடித்துத் திருப்ப வேண்டியிருக்கிறது.
(நங்கநல்லூர் வாசகர்)

பதில்: ஸ்க்ரூ அளவுக்கு மீறி இறுகிவிட்டது. அப்படியே ஓட்டினால் உள்ளே இருக்கும் கியர் தேயும், உடனே தளர்த்தச் சொல்லுங்கள். பிளே பெரும்பாலும் பாக்ஸில் இருக்காது. டை ராட் முனைகள், ஐட்லர் ஆர்ம் புஷ், ஸ்டியரிங் தண்டு பாக்ஸோடு சேரும் இடத்தில் இருக்கிற கப்ளிங், இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அந்த ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். வண்டியைத் தரையில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட, நீங்கள் பக்கவாட்டில் குனிந்து டார்ச் அடித்தாலே எந்த ஜாயின்ட் ஆடுகிறது என்று தெரிந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுக் குனியுங்கள்.

கேள்வி: அவசரத்துக்கு பவர் ஸ்டியரிங் டப்பாவில் பிரேக் ஆயில் ஊற்றிவிட்டார் டிரைவர். ஓட்டலாமா?
(பெரம்பூர் வாசகர்)

பதில்: ஓட்டாதீர்கள், ஸ்டார்ட்கூடச் செய்ய வேண்டாம். அந்த சீல்களுக்கு பிரேக் ஆயில் ஆகாது, ஊறி உப்பிவிடும். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் டப்பாவிலிருந்து உறிஞ்சி எடுப்பதோடு தப்பிக்கலாம். ஏற்கனவே ஓட்டியாகிவிட்டது என்றால் மொத்த ஆயிலையும் இறக்கி, வண்டியின் கையேட்டில் சொன்ன ஆயிலை விட்டு ஓரிரு முறை ஃப்ளஷ் செய்ய வேண்டும், அதற்கப்புறமும் கசிந்தால் சீல் கிட் வாங்கத்தான் வேண்டும்.